பாசி பிடித்த ஞாயிறுகள்

வீட்டில் அவளைப் பெரியவள் என்றும் அவனைச் சின்னவன் என்றும்தான் கூப்பிட்டார்கள். நடுவில் பிள்ளைகள் யாரும் இல்லை; பதினோரு வருட இடைவெளிதான் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது சின்னவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பெரியவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அவனைப் படிக்கவைத்தாள். தனக்கு வந்த ஒன்றிரண்டு வரன்களை, ‘அவன் ஒரு நிலைக்கு வரட்டும்’ என்று தள்ளிப்போட்டாள். அவன் ஒரு நிலைக்கு வந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது. இதை அவள் தியாகமாக யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கே அப்படித் தோன்றியதும் இல்லை. அது பாட்டுக்கு நடந்துவிட்டது.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். முதல் சம்பளத்தில் அவன் வாங்கியது இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. அதில் ஒரு டஜன் கப்பி மீன்களும், பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் தலையில் கட்டிய ஒரு சக்கர் மீனும் இருந்தன. சக்கர் பாசியைத் தின்னவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே பருத்தது. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தான்.

“பகல் பூரா ஊருக்குக் கண்ணாடி, ராத்திரி மீனுக்குக் கண்ணாடி. உன் ஜாதகமே கண்ணாடிதான்க்கா” என்பான்.

கல்யாணம் முடிந்து அவன் நகரத்தின் மறுகோடிக்குத் தனிவீடு போனான். மனைவி வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் அந்தப் பக்கம்தான் இருந்தது. புது வீட்டில் தொட்டி வைக்க இடமில்லை. “இங்கயே இருக்கட்டும்க்கா. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து நானே கழுவிடறேன்” என்றான். கொஞ்ச நாள் வந்தான். பிறகு ஒருவாரம் விட்டு ஒருவாரம் வந்தான். அதன்பிறகு போன் மட்டும் வந்தது.

“சாப்டியா?”

“ஆச்சு. நீ?”

“நானும் ஆச்சு. வேற?”

“வேற என்ன, ஒண்ணுமில்ல.”

“சரிக்கா, வெச்சிடறேன்.”

பெரியவளுக்கு வேலை கடையின் பின்னறையில். முன்னால் இருப்பவர்கள் வாடிக்கையாளரோடு பேசுவார்கள். ஃபிரேமும் சீட்டும் ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தட்டில் உள்ளே வரும். அவள் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குச் சக்கரத்தில் தேய்த்து, விளிம்பைத் துடைத்து, பொருத்தி, அதே திறப்பு வழியாக வெளியே தள்ளுவாள். எத்தனையோ பேருடைய பார்வையை அவள் சரிசெய்திருக்கிறாள். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. சக்கரச் சத்தத்தில் அங்கே பேச்சுக்கும் வழியில்லை.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்ததும் அறை விளக்கைப் போடமாட்டாள். தொட்டி விளக்கைத்தான் போடுவாள். போட்ட உடனே கப்பிகள் எல்லாம் முன் கண்ணாடிக்கு ஓடிவந்து வாலாட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்கொண்டு வர ஒரு கூட்டம் இருப்பது நல்ல விஷயம்தானே? கையில் தீனி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போடுவாள். சமைத்துவிட்டு வந்தால் மறுபடி ஓடிவரும். மறுபடி ஒரு சிட்டிகை. தூங்கப்போகும்வரை விளக்கு எரியும். காலையில் எழுந்ததும் எரியும். விடுமுறை நாளில் அணைவதே இல்லை.

முதலில் கண்ணாடியின் மூலையில் பச்சையாக ஒரு தேமல் மாதிரி தெரிந்தது. பிறகு கற்களின்மேல் படர்ந்தது. பிறகு செடிகளின் இலைநுனியில் நூல் நூலாகத் தொங்கியது. அன்றைக்குப் போன் வந்தபோது அவள் சொன்னாள்: “தொட்டியெல்லாம் பாசிடா.”

“பாசியா? எங்க, கண்ணாடியிலயா, செடியிலயா? தண்ணி பச்சையா இருக்கா, இல்ல தெளிவாத்தான் இருக்கா?”

அவன் குரலில் பழைய சின்னவன் வந்துவிட்டான். வெகுநேரம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து நின்றான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காலாவதியான ஒரு பேங்க் கார்டால் கண்ணாடியைச் சுரண்டினான். கற்களை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினான். பிறகு சாப்பிட்டான். பிறகு தரையிலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பெரியவள் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்ததும் விசாரணை நடந்தது.

“விளக்கு எவ்ளோ நேரம் எரியுது?”

“வந்ததுலேர்ந்து தூங்கறவரைக்கும். காலைல கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“எழுந்ததுலேர்ந்து கிளம்பறவரைக்கும்.”

“சரிதான். சாப்பாடு?”

“கேக்கும்போதெல்லாம் போடறேன்.”

“மீனு எப்பவும் கேக்கும்க்கா, அதுக்கு வேற வேலை என்ன? தின்னது போக மிச்சம் அடில அழுகும். அந்த உரத்துலயும் இந்த வெளிச்சத்துலயும்தான் பாசி வளருது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் விளக்கு, ஒரு வேளை ஒரு சிட்டிகை. அவ்ளோதான். பாசி தானா அடங்கிடும்.”

விளக்கு தானாக எரிந்து தானாக அணைய ஒரு டைமரையும் பொருத்திவிட்டுப் போனான்.

அவள் சொன்னபடி செய்தாள். கப்பிகள் கண்ணாடிக்கு வந்து வாலாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டைமர் ‘டக்’கென்று விளக்கை அணைத்ததும் அறை முழுக்க இருட்டாகும். அப்போதுதான் அறை விளக்கைப் போடுவாள். போட்டால் எதிரே சுவரும், ஒரு நாற்காலியும், தானும்தான். ஒரு மாதத்தில் தொட்டி கண்ணாடிக் கடை ஷோகேஸ் மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்து பாரேன் என்று கூப்பிட்டாள்.

வந்தான். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியபடியே குனிந்து பார்த்தான். “அட! சூப்பர்க்கா. இனிமே நான் வரவே தேவையில்ல” என்றான். உட்காரக்கூட இல்லை. டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். “அவ தனியா இருப்பா. வரட்டுமா?” என்று நின்றபடியே டீயைக் குடித்துவிட்டுப் படியிறங்கினான்.

பெரியவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வந்து டைமரைப் பிடுங்கி, விளக்கின் பிளக்கை நேராகச் சுவரில் செருகினாள்.

அந்த நேரத்தில் அவள் எதையும் திட்டம்போட்டுச் செய்யவில்லை. திட்டமெல்லாம் பிறகு வந்தது. இரண்டு வாரத்தில் பாசி திரும்பியது, சின்னவனும் திரும்பினான். சுரண்டினான், சாப்பிட்டான், தூங்கினான். அதற்கப்புறம் அவள் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். எவ்வளவு தீனிக்கு எத்தனை நாளில் கண்ணாடி பச்சையாகும், ஜன்னல் திரையை விலக்கிவைத்தால் எவ்வளவு சீக்கிரம் நூல்பாசி வரும் என்பதெல்லாம் லென்ஸ் பவர் மாதிரி அவளுக்கு அத்துப்படியாயின. அவன் மாட்டிய டைமரை அவன் வரும் நாளில் மட்டும் திரும்ப மாட்டிவைத்தாள்.

“என்னக்கா இது, சொன்னபடி செய்யறியா இல்லையா?” என்று அவன் தலையைச் சொறிவான்.

“செய்யறேனேடா. என்ன எழவோ, வந்து வந்து நிக்குது.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான். தெரிந்தேதான் செய்தாள். பொய் சொல்லும்போது உள்ளே சுருக்கென்றது. ஆனால் அவன் தூங்கும்போது அந்தச் சுருக் மறைந்துபோனது.

பிறகு சின்னவன் வரவில்லை. ஏதோ ஒரு புது அடுக்குமாடியில் லிஃப்ட் பொருத்தும் வேலை. ஞாயிறும் விடமாட்டார்கள் என்றான். “பாசி அதிகமா இருக்குடா” என்றாள். “அடுத்த வாரம்க்கா” என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். பெரியவள் தீனியைக் கூட்டினாள். பாசி கண்ணாடியை விட்டுத் தண்ணீரிலேயே இறங்கியது. தொட்டி முழுவதும் இலைச்சாறு மாதிரி பச்சையானது. உள்ளே மீன் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. கண்ணாடியோரம் வரும்போது மட்டும் ஒரு வால் மின்னும். ‘இதைச் சொன்னா ஓடிவந்துடுவான்’ என்று அவள் நினைத்தாள்.

ஒரு காலையில் விளக்கைப் போட்டபோது கப்பிகள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான்கு மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. அதில் ஒன்று வயிறு பருத்த சினை மீன். மேனேஜர் முதல்முறையாகக் கண்ணாடியை விட்டு அடியில் கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பிடித்துவைத்திருந்த தண்ணீர் ஒரு வாளிதான் இருந்தது. அதை ஊற்றினாள். செத்த மீன்களை ஒரு கரண்டியால் எடுத்தாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவள் தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு மீன். சின்ன உயிர்தான், ஆனால் தினமும் வாலாட்டிய உயிர். நான்தான் கொன்னேன் என்று வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தாள். கேட்க யாருமில்லை.

மதிய இடைவேளையில் மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பகல்ல பாசி காத்தக் குடுக்கும், ராத்திரில அதுவே காத்தத் தின்னும். அவ்ளோ அடர்த்தியா விட்டா மீனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். பாதித் தண்ணிய மாத்துங்க, காத்து மோட்டார் நிக்காம ஓடட்டும். மூணு நாளைக்குப் போர்வை போட்டு மூடிடுங்க. வெளிச்சமும் கூடாது, சாப்பாடும் கூடாது.”

“மருந்து எதுவும் இல்லையா?”

“பாசியக் கொல்ல மருந்து இருக்கும்மா. பாசிய வளக்கறவங்களுக்குத்தான் மருந்து இல்ல” என்று சிரித்தார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், பாவம். பெரியவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று போனில் “மீன் செத்துப்போச்சுடா” என்றாள். சொல்லும்போது அழுதுவிட்டாள். சின்னவன் பதறிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் பெரிய பிளாஸ்டிக் டப். கீழே நண்பனின் வேன் நின்றது.

“எதுக்குடா இது?”

“நான் எடுத்துட்டுப் போயிடறேன்க்கா. எங்க வீட்டுல கட்டிலுக்குப் பக்கத்துல எப்படியாவது இடம் பண்ணிக்கறேன். உன்னால முடியல.”

“வேணாம்.”

“என்ன வேணாம்? வாராவாரம் பாசி, வாராவாரம் நான் வந்து சொரண்டணும். மீனும் சாகுது, நீயும் அழற. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

தொட்டிக்குள் மக்கை விட்டுத் தண்ணீரை மொண்டு டப்பில் ஊற்ற ஆரம்பித்தான். பெரியவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது.

“நான்தான்டா வளத்தேன்” என்றாள்.

அவன் கை நின்றது. திரும்பாமலே சொன்னான். “தெரியும்க்கா. நீதான் வளத்த. இல்லைன்னா சொன்னேன்? அதை எதுக்கு இப்பச் சொல்லிக்காட்டற?”

“உன்ன இல்லடா. பாசிய.”

அவன் திரும்பினான்.

“வேணும்னேதான் விளக்க எரியவிட்டேன். வேணும்னேதான் அள்ளி அள்ளிப் போட்டேன். நீ வர்ற அன்னிக்கு மட்டும் டைமர மாட்டுவேன். தொட்டி சுத்தமா இருந்தா நீ உக்காரக்கூட மாட்டேங்கற. பாசி இருந்தாத்தான் வர்ற.”

மக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் முதலில் சிரிப்பு வரப் பார்த்தது, வராமல் போனது.

“லூசாக்கா நீ? ‘வாடா’ன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருந்தா வந்திருப்பியா?”

‘ஆமா’ என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். சின்னவன் அக்காவிடம் பொய் சொல்லிப் பழகாதவன். கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். சின்னவன் டப்பிலிருந்த தண்ணீரைக் கழிவறையில் கொட்டினான்; கையைத் துடைத்தான்; காலி டப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனான். அவனுக்காகச் செய்துவைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

அந்த வாரம் போன் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. பெரியவளும் பண்ணவில்லை. பண்ணினால் என்ன சொல்வது? தீனியைக் குறைத்து, ஒவ்வொரு வாளியாகத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். பச்சை வெளுத்ததே தவிர விடவில்லை. கடைசியில், ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த வேலையைச் செய்தாள். காற்று மோட்டாரை ஓடவிட்டு, தடிமனான போர்வையால் தொட்டியை நாலாபக்கமும் மூடினாள். உள்ளேயிருந்து குமிழிச் சத்தம் மட்டும் வந்தது.

அந்த இருட்டுதான் அவளை உலுக்கியது. கதவைத் திறந்தால் யாரும் ஓடிவரவில்லை. போடுவதற்கு விளக்கில்லை, அள்ளுவதற்குத் தீனியில்லை. அறை மூலையில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று, நோயாளி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. போர்வைக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான் என்று நினைத்தாள். சனிக்கிழமை இரவை எப்படியோ ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து குளித்து, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போனது ஒரே ஒருமுறை, பால் காய்ச்சிய அன்று. கூப்பிடாமல் போகக்கூடாது என்று ஒரு வைராக்கியம். வாங்க என்று அவர்களும் தனியாகக் கூப்பிடவில்லை; அக்காவைத் தனியாகக் கூப்பிட வேண்டுமா என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பஸ் மாறி, தெருவைத் தவறவிட்டு, விசாரித்து, நாலாவது மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தது தம்பி மனைவி. ஈரத்தலையில் துண்டு. பின்னால் கட்டில்மேல் காய்ந்த துணி மலையாகக் கிடந்தது. நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

“அண்ணி! வாங்க. அவரு இல்லையே. எங்கயோ லிஃப்டு நடுவுல நின்னுபோச்சாம், உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்களாம். விடிஞ்சதும் ஓடினாரு.”

“பரவால்ல. நான் சும்மாதான் வந்தேன்.”

உள்ளே உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். சும்மா உட்கார முடியாமல் பெரியவள் துணி மலையிலிருந்து ஒரு சட்டையை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவளும் எதிரே உட்கார்ந்து ஒன்றை எடுத்தாள். நாலைந்து துணி மடிந்தபிறகு தம்பி மனைவியே ஆரம்பித்தாள்.

“பாசி விஷயம் சொன்னாரு.”

பெரியவள் தலையைத் தூக்கவில்லை.

“எனக்கு வாரத்துல ஒரே ஒரு நாள்தான் அண்ணி லீவு. மத்த நாள்ல நான் கிளம்பும்போது அவரு தூங்கிட்டிருப்பாரு. அவரு வரும்போது நான் தூங்கிடுவேன். பாசின்னு நீங்க கூப்பிட்ட ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் இங்க ஒத்தையா உக்காந்து, இதே துணியத்தான் மடிச்சிட்டிருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சட்டைக் கையை நேராக்கிக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதுபோலச் சொன்னாள். ஆனால் பெரியவளுக்கு மிதந்த அந்த நாலு மீன்களும் நினைவுக்கு வந்தன; மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். இத்தனை மாதத்தில் இந்தப் பக்கம் ஒருத்தி இருப்பதை அவள் ஒருமுறைகூட எண்ணிப்பார்க்கவில்லை.

“எனக்கு அது தோணவே இல்லம்மா.”

“எனக்கும்தான் தோணல. அண்ணிக்கு என்ன, மீனு இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தாள். “நானும் கூட வரேன்னு ஒருவாட்டி கேட்டேன். ‘நான் பாசி சொரண்டப் போறேன், நீ அங்க வந்து என்ன பண்ணப்போற’ன்னாரு.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஒரு வேலைக்குன்னு போனா அந்த வேலைதான் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துல ஆள் செத்துக் கிடந்தாலும் தாண்டிப் போயிடுவான்.”

“தாண்டி எல்லாம் போகமாட்டாரு. மிதிச்சிட்டுப் போவாரு” என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மறுபடி துணியை எடுத்தார்கள். முதலில் இருந்த கனம் இப்போது அவ்வளவாக இல்லை. அவ்வளவுதான் சொல்லலாம்.

இருவரும் சாப்பிட்டார்கள். நடுவில் சின்னவன் போன் பண்ணினான். “அக்கா வந்திருக்காங்க” என்று அவள் சொன்னதும், “இருக்கச் சொல்லு. வந்துடறேன்” என்றான். வந்துடறேன் என்றவன் வெயில் இறங்கியபிறகுதான் வந்தான். கை முழுக்க கிரீஸ், முழங்கையில் ஒரு சிராய்ப்பு. வாசலிலேயே நின்று அக்காவைப் பார்த்தான். என்னென்னவோ சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது.

“பஸ்லயா வந்த?” என்று கேட்டான்.

“ஆமா.”

“சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல?”

திருப்பிக் கேட்கப் பெரியவளிடம் அன்றைய அதே கேள்வி இருந்தது. கேட்கவில்லை. “கையக் கழுவிட்டு வாடா. சோறு ஆறிடுச்சு” என்றாள். அது அவள் வீடில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனால் தம்பி மனைவி எழுந்து தட்டை எடுத்துவந்து நாத்தனார் கையில்தான் கொடுத்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இருவருமாக வந்தார்கள். ஒரு ஞாயிறு இவள் போனாள். மற்ற ஞாயிறுகளில் யாரும் எங்கும் போகவில்லை. அந்த நாட்களில் பெரியவள் காலையில், போர்வையை எடுத்தபின் தெளிந்துவிட்ட தொட்டியில் ஒரு வாளி தண்ணீரை மாற்றுவாள், ஒரு சிட்டிகை தீனி போடுவாள், பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு கால்போன போக்கில் தெருவில் நடப்பாள். எதிரே வருகிறவர்களின் முகத்தில் கண்ணாடி இருந்தால் நின்று ஒருமுறை பார்ப்பாள். இதைத் தேய்த்தது நான்தானோ என்று தோன்றும். அவர்கள் அவளை யாரென்று தெரியாமல் கடந்துபோவார்கள். அவள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்புவாள்.